புகைக்கு ஏற்ற வெளிச்சம்

அணைத்த மெழுகுவர்த்தியின் புகையை ஜன்னல் வெளிச்சத்தை மட்டுமே நம்பி எடுத்த சில படங்களை அண்மையில் பார்த்தது முதல், பிளாஷ் இல்லாமல் இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்கும் நண்பர்களோடு வாதாட எனக்குத் தெம்பு வந்திருக்கிறது. கரி என்று நாம் எண்ணும் அந்த வெண்ணிழை பெரும்பாலும் குளிர்ந்து திரண்ட மெழுகின் ஆவியே என்பதை, 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்குப் பிரசங்கம் செய்த மைக்கேல் பாரடே, திரிக்குச் சற்றுத் தள்ளி அதில் நெருப்பைக் காட்டிச் சுடர் தாவித் திரியைப் பற்றும்படி செய்து பிரத்தியட்சமாக விளக்கினார். அந்நுண்துளிகள் ஒளியை மிகுதியும் முன்னோக்கியே சிதறவிடுவதால், ஜன்னல் புகைக்குப் பின்புறம் ஒரு பக்கமாக அமைய, நேர்பின்னே கறுப்புத் துணியும் தொங்குமானால், அடியில் நூலாக நிமிர்ந்தெழுந்து மேலே போகப் போகச் சுருண்டு குலையும் அதன் கதி முழுவதும் துலக்கமாகத் தெரிகிறது. பிளாஷ் இந்தச் சலனத்தை ஸ்தம்பிக்கச் செய்து புகையைக் கண்ணாடிச் சிற்பமாக்கிவிட, ஜன்னலின் மந்தவொளியோ ஓரங்களில் சிறிது கலக்கத்தை விட்டுவைக்கிறது; அதைத் தோஷமென்று கழிப்பாரோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் சலனமே சுபாவமாக உடைய பொருளின் படத்தில் சலனத்தின் தடம் இருப்பதுதான் நியாயம்.