கை மரத்துப் போவது நடிப்பல்ல



"கம்பைத் தூக்கினா கை மரத்துப் போவுது ஐயா, இறக்கினா சரியாயிடுது." செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவதுண்டு. வீக்கமில்லை, காயமில்லை. மண்டோர் கண்ணுக்கு அது எம்.சி. வாங்கும் நடிப்பு.

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சின்ன சந்து. கைக்குப் போகும் நரம்பும் இரத்தக் குழாயும் அதன் வழியாகத்தான் போகின்றன. அங்கே நெருக்கிப் பிடித்தால் வருவதை 'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்' என்பார்கள். பிறவியிலேயே கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருப்பவர்களுக்கு வரலாம். அப்படிப்பட்டவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அடிபட்டும் வரும். கையை உயர்த்தியே செய்யும் வேலையாலும் தோள் பாரத்தாலும் வரும். அண்ணாந்து நின்று நீளக் கம்பில் அரிவாளை இழுப்பவருக்கு இதில் எது குறைவு?

சுண்டு விரலும் மோதிர விரலும் மரக்கும். பிறகு பிடி தளரும். தலைக்கு மேலே அரிவாள் இருக்கும்போது பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கவனிக்காமல் விட்டால் கட்டை விரலடிச் சதை வற்றிவிடும். வற்றின சதை பழையபடி திரும்புவது கஷ்டம்.

கை திடீரென்று வீங்கி நீலம் பாய்ந்தாலோ, வெளுத்துச் சில்லிட்டாலோ அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நீவி விடுகிறவரிடம் போய் நாளைக் கடத்தாதீர்கள்.

பெரும்பாலோர்க்கு ஆபரேஷன் வேண்டியதில்லை. பல வாரம் பிசியோதெரபியும், கை தூக்கும் வேலையிலிருந்து ஓய்வும் போதும். சிக்கல் இங்கேதான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் படுக்காதவருக்கு வருஷத்துக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு 14 முதல் 22 நாள், சர்வீஸைப் பொறுத்தது. அது தீர்ந்ததும்? மறுபடி அதே கம்பு. குலைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் லேசான வேலை கேட்டால் வருமானம் விழும். அதனால் மறைக்கிறார், பானடோலைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போகிறார்.

டாக்டர் சொல்லும் வரைக்கும் இவருக்கு உதிரிப்பழம் பொறுக்கவோ நாற்று மேடையிலோ வேலை கொடுக்கலாம். சம்பளம் குறையக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்று நிர்வாகம் சொல்லும். சதை வற்றிய பிறகு அந்த ஆளே இல்லையே! நம் கிளைகள் இதை அழுத்தமாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

வேலையால் வந்த நோய்க்கு சொக்சோவில் மனுச் செய்யலாம். ஆகவே ஆஸ்பத்திரிக்கு வரும்போது என்ன வேலை, எத்தனை வருஷம், எப்போது மரக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். டாக்டருக்குக் கொடுக்கும் கடிதத்தில் அதையும் எழுதித் தருகிறேன். 'தோள் வலி' என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு மனுவில் நியாயம் கேட்பது சிரமம்.