தாத்தாவின் ஊரும் பேத்தியின் விசாவும்

பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தானியரா என்று இந்திய விசா படிவம் கேட்பது நியாயம்தான் என்கிறார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்கு உளவு பார்த்த, பாகிஸ்தானியத் தந்தையின் மகனான டேவிட் ஹெட்லியைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்தச் சாட்சியே அவர்கள் வாதத்தை உடைக்கிறது. வாஷிங்டனில் பிறந்த தாவூத் கிலானி 2006இல் டேவிட் ஹெட்லி என்று பெயரை மாற்றிக்கொண்டு, அமெரிக்க பாஸ்போர்ட்டோடு மும்பைக்கு வந்தார். விசா விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்ததை 2016இல் மும்பை நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பொய் சொல்லத் துணிந்தவனை இந்தக் கேள்வி என்ன செய்துவிடும்?

மாட்டிக்கொள்வது உண்மையை எழுதுபவர்கள்தான். லண்டனில் பிறந்து, பிரிட்டன் குடியுரிமையோடு வாழும் ஒரு பெண், தாத்தா லாகூர்க்காரர், பாகிஸ்தான் குடிமகன் என்று எழுதினால் போதும்: இ-விசா கிடையாது, தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தாத்தா 1947 ஆகஸ்ட்டுக்கு முன் பிறந்தவரென்றால், அவர் பிறந்தது பிரிக்கப்படாத இந்தியாவில்!

பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? பழைய பெயர்கள், பயண விவரம், குற்றப் பதிவு என எல்லாவற்றையும் துருவுங்கள். வம்சத்தைத் துருவுவது பிறப்புக்குத் தரும் தண்டனை. அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து நீக்க வேண்டும்.