போட் மெயிலில் வந்த பெட்டி

மாலை ஐந்தரை மணிக்கு வைகைக் கரையில் எங்கள் சபை கூடும். ரயில்வேக்காரர்கள் மூன்று பேர், ஒரு தமிழய்யா, ஒரு கூட்டுறவு வங்கிக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஆக ஆறு பேர். சர்க்கரை அளவு, பென்ஷன் அரியர், பேரன் படிப்பு எல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் யாராவது ஒருவர் "அந்தக் காலத்துல..." என்று இழுத்தால் போதும், இருட்டுகிற வரை கதைதான்.

எம்டன் கப்பல் வரும். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அதில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று தமிழய்யா அடித்துச் சொல்வார். அதற்கு ஆதாரம் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள் என்றால், "அவங்க கெடக்காங்க" என்பார். கட்டபொம்மன் வருவார். கயத்தாறு வரைக்கும் வரலாறு கொஞ்சம், 1959-இல் வந்த சிவாஜி படம் மிச்சம். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் எங்கள் சபையின் தலைக்கதை ஒன்று உண்டு, அதைச் சொல்வது என் பொறுப்பு. ஆளவந்தார் கொலை. மானாமதுரைக்காரர்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. 1952 ஆகஸ்ட் கடைசியில் எழும்பூரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போகிற போட் மெயிலில், ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்து நாற்றம் வருகிறது என்று பிரயாணிகள் புகார் சொல்ல, நம் ஊர் ஸ்டேஷனில் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை பிறகு ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது.

நான் 1974-இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தப் பெட்டியைத் தன் கையால் இறக்கியதாகச் சொல்லிக்கொண்டவர்களைச் சேர்த்தால் தனியாக ஒரு கோச் போட வேண்டும். அவர்களிடம் கேட்டதை நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் ஒரு போர்ட்டர் மயங்கி விழுந்தார் என்பது 1985 வாக்கில் நான் சேர்த்தது. இதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். வங்கிக்காரர் வழக்கம்போல, "அடுத்தவன் பொண்டாட்டி பின்னால போனா இதுதான் கதி. வேணும்யா அவனுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மின்வாரியக்காரர் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நாலு நாள் வரவில்லை.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி வந்தது. ரொம்ப நேரம் மழையைப் பற்றியே பேசினோம். பிறகு அவராகவே சொன்னார். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஊரைச் சொல்லவில்லை.)

"அண்ணே, எங்க கூடப்பொறந்த அண்ணனை வெட்டிப் போட்டாங்க. எனக்கு அப்ப பதினாறு வயசு. மடைத் தண்ணி தகராறு. கோர்ட்டிலயும் அதுதான் நிரூபணமாச்சு. ஆனா ஒரே வாரத்துல ஊர்ல என்ன பேச்சு தெரியுமா? ஏதோ பொம்பள விஷயமாம். அப்படி யாரும் இல்லண்ணே. எங்க மதினி அதைக் கேட்டுக்கிட்டேதான் முப்பது வருஷம் இருந்து செத்துச்சு. இன்னிக்கும் ஒரு கல்யாண வீட்டுல எங்க முதுகுக்குப் பின்னால அந்தக் கதை ஓடும். கொன்னவனுக்குத் தண்டனை எட்டு வருஷத்துல முடிஞ்சுபோச்சு. எங்க அண்ணனுக்கு இன்னும் முடியல."

இருபது வருடமாக ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். அவருக்கு ஒரு அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் சொல்லும் கதையில் ஆளவந்தார் யார்? பெண் பித்தர், அவ்வளவுதான். சைனா பஜாரில் பேனாக் கடை வாசலில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சாமான் விற்றுப் பிழைத்தவர், அதற்கு முன் ராணுவத்தில் வேலை பார்த்தவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கதையில் அதற்கு இடமில்லை, சுவாரசியம் குறைந்துவிடும். வீடு திரும்பாத கணவனைத் தேடி அவர் மனைவி அந்தக் கடைக்கு வந்து விசாரித்தாரே, அந்த அம்மாளுக்கு நாற்பது வருடத்தில் ஒரு வரி கூட நான் கொடுத்ததில்லை. மயங்கி விழாத போர்ட்டருக்குக் கொடுத்திருக்கிறேன். குற்றவாளியான கணவனுக்கு 7 ஆண்டு, அவன் மனைவிக்கு 3 ஆண்டு தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அந்த மனைவிக்காக நாங்கள் உச்சுக்கொட்டாத நாளில்லை. அதில் தப்பில்லை, அவள் பட்டதும் பாடுதான். ஆனால் செத்தவனுக்கு ஒரு உச்சு கூட மிச்சம் வைக்கவில்லை.

லட்சுமிகாந்தன் கதையும் இப்படித்தான். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. அடுத்த மாதம் 8-ஆம் தேதி வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். பாகவதரும் என்.எஸ்.கே.யும் உள்ளே போனார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், 1947-இல் விடுதலையாகி வந்தார்கள். பாகவதர் அதற்கப்புறம் பழைய பாகவதராக இல்லை. இதைச் சொல்லும்போது எங்கள் தமிழய்யாவுக்குக் கண் கலங்கும், எனக்கும்தான். லட்சுமிகாந்தன் எழுதியது மஞ்சள் பத்திரிகை, எத்தனையோ குடும்பங்களை நாறடித்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருவரும் குற்றமற்றவர்கள் என்றால் அவரைக் கொன்றது யார்? எழுபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அது தெரியவில்லை. எங்கள் பெஞ்சில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "அவன் பண்ணின அக்கிரமத்துக்கு..." என்று முடித்துவிடுவோம். ஊரைப் பற்றி வம்பு எழுதியவர் என்று அவரைத் திட்டுகிற நாங்கள், அதே வாயால்தான் வம்பும் பேசுகிறோம்.

இதைச் சபையில் சொன்னேன். "அப்போ இனிமே பஜனை பண்ணலாமா?" என்றார் வங்கிக்காரர். அது என் எண்ணமில்லை. கொலைக் கதை கேட்க எனக்கும் ஆசைதான். அது தப்பு என்று யாராவது உபதேசம் செய்தால் எழுந்து போய்விடுவேன். நான் சொல்வது கொஞ்சமே. எம்டன் கப்பலில் யாரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்டுச் செத்தவன் மேல் மட்டும் கையில் இருப்பதற்கு மேல் ஒன்றும் ஏற்றாதீர்கள். அவனால் திரும்பி வந்து மறுக்க முடியாது. "வேணும் அவனுக்கு" என்ற அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தமிழய்யாவின் பேரன் பெங்களூரில் இருந்து லீவுக்கு வந்திருந்தான். தாத்தாவோடு பெஞ்சுக்கு வந்து, பெட்டிக் கதை சொல்லுங்க என்றான். மின்வாரியக்காரரும் இருந்தார், குடை மடியில். வழக்கமாகப் போட் மெயிலில் ஆரம்பிப்பேன். அன்று சைனா பஜாரில், புருஷனைக் காணோம் என்று விசாரிக்க வந்த அம்மாளிடம் ஆரம்பித்தேன். மானாமதுரைக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது பையன் மூச்சு விடவில்லை. பத்து நிமிடம் முன்னாலேயே கதை முடிந்துவிட்டது.

"ஏப்பா, மயங்கி விழுந்த போர்ட்டரை எங்க காணோம்?" என்றார் வங்கிக்காரர்.

"ரிட்டயர் ஆயிட்டார்" என்றேன்.

மின்வாரியக்காரர் குடையை பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, பையனுக்கு லட்சுமிகாந்தன் கதை தெரியுமா என்று கேட்டார்.