பழைய சுடும் விளையாட்டுகளுக்கு எந்தக் கருவி? அலமாரிக்கா, ஆட்டத்திற்கா?



அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இப்போது தொழிற்சாலையில் சுழல்முறை வேலை பார்க்கிறார், கைக்குழந்தைக்குத் தந்தை. நலம் விசாரித்து முடித்ததும், சற்றுத் தயங்கியவாறே, "ஐயா, பழைய விண்கலச் சுடும் விளையாட்டுகளை ஆட ஒரு கருவி வாங்க விரும்புகிறேன். சேகா சேட்டர்னும் 'ரேடியன்ட் சில்வர்கன்' குறுவட்டும் வாங்க ஈராண்டாகச் சேமித்து வருகிறேன். வாங்கலாமா?" என்று கேட்டார்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். ஈராண்டுச் சேமிப்பை எதில் இடுவது என்று ஒருவர் கேட்கும்போது, அது சிறுபிள்ளைக் கேள்வி ஆகாது. மேலும், எனக்கும் இந்த விளையாட்டுகளில் ஈடுபாடு உண்டு என்பதை அவர் அறிவார். அன்று அவரிடம் கூறியதையே இங்குச் சற்று விரிவாக எழுதுகிறேன். இதே எண்ணத்தில் இருப்பவர் வேறு யாரேனும் இருப்பின் பயன்படட்டும்.

முதலில் விளையாட்டு, பிறகு கருவி

பலர் செய்யும் முதல் பிழை, கருவியை முதலில் தேர்ந்தெடுப்பது. "எது சிறந்த கருவி?" என்னும் கேள்விக்கு விடையே இல்லை. "எந்த விளையாட்டை, எப்போது, எவ்வளவு நேரம் ஆடப் போகிறேன்?" என்னும் கேள்விக்குத்தான் விடை உண்டு.

சுடும் விளையாட்டு என்பது கருவியோடு பின்னிப் பிணைந்த கலை. 1978ஆம் ஆண்டு தைட்டோ நிறுவனத்தில் நிஷிகாடோ தோமோஹிரோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். பகைவர்கள் குறையக் குறைய, எஞ்சியிருப்போர் விரைந்து நகர்வார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அவ்வியந்திரம் தானாகவே வேகம் பெற்றது. அதை அவர் அப்படியே விட்டுவிட்டார். கருவியின் குறையே விளையாட்டின் உயிராகிவிட்டது! ஆகவே, இவ்விளையாட்டுகளை எந்தக் கருவியில் ஆடுகிறோம் என்பது சிறு செய்தி அன்று.

கருவிகளும் அவற்றின் குணங்களும்

வீட்டுக் கருவிகளில் பேசத்தக்கவை ஐந்து என்பேன்.

1) பி.சி. எஞ்சின் (1987): என்.இ.சி. நிறுவனமும் ஹட்சன் நிறுவனமும் இணைந்து ஜப்பானில் வெளியிட்டவை. நுண்செயலி 8 பிட்டுதான். எனினும், வண்ணமும் வேகமும் அக்காலத்தில் வியப்பூட்டின. நாணயம் போட்டு ஆடும் இயந்திரத்தில் 1987இல் வந்த ஐரெம் நிறுவனத்தின் 'ஆர்-டைப்' அடுத்த ஆண்டே இக்கருவிக்கு வந்தது. ஓர் அட்டையில் அடங்காததால் இரண்டு அட்டைகளாகப் பிரித்து விற்றார்கள். 'சூப்பர் ஸ்டார் சோல்ஜர்' (1990), 'ஃபைனல் சோல்ஜர்' (1991), 'சோல்ஜர் பிளேடு' (1992) ஆகிய மூன்றும் இக்கருவிக்கென்றே ஆக்கப்பட்டவை.

2) மெகா டிரைவ் (1988): சேகாவின் 16 பிட்டுக் கருவி. ஏறத்தாழ 7.67 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் 68000 நுண்செயலி உடையது. 'தாட்சுஜின்' (1989), 'முஷா அலெஸ்டே' (1990), 'தண்டர் ஃபோர்ஸ் 4' (1992) ஆகியவை இதன் பெருமைகள். விரைவான ஆட்டத்தையும் அதிரும் இசையையும் விரும்புவோர்க்கு உரியது.

3) சூப்பர் ஃபேமிகாம் (1990): நிண்டெண்டோவின் இக்கருவி வண்ணத்திலும் இசையிலும் உயர்ந்தது, நுண்செயலியோ மெதுவானது. இதில் வந்த 'கிரேடியஸ் 3' திரையில் தோட்டாக்கள் நிறைந்ததும் தள்ளாடும். சிலர் அத்தள்ளாட்டத்தையே விரும்புவர், தப்பிக்க நேரம் கிடைக்கிறதே! 'ஆக்ஸலே' (1992) மட்டும் ஆடினாலும் இக்கருவி பயனுடையதே. ஆயினும், சுடும் விளையாட்டுக்கென்றே வாங்குவோர்க்கு இது முதல் தேர்வு ஆகாது.

4) சேட்டர்ன் (1994): இரண்டு நுண்செயலிகள் கொண்டது. 'டோடோன்பாச்சி' (1997), 'பேட்டில் கரேகா' (1998), 'ரேடியன்ட் சில்வர்கன்' (1998) என விளையாட்டு மையங்களின் பெரும்படைப்புகள் இதற்கு வந்தன. தொலைக்காட்சியைப் பக்கவாட்டில் திருப்பி, நெட்டுத் திரையில் ஆடும் வசதியும் இவற்றுள் பலவற்றில் உண்டு. படைப்புகளின் தரத்தை மட்டும் கருதினால், இதற்கே முதலிடம் என்பதை மறுக்க மாட்டேன்.

5) டிரீம்காஸ்ட் (1998): 2001ஆம் ஆண்டிலேயே இதன் உற்பத்தி நின்றுபோனது. ஆனால், சுடும் விளையாட்டுகள் மட்டும் நிற்கவில்லை. 'இக்காருகா' 2002இல் வந்தது. 2007 வரை புதிய சுடும் விளையாட்டுகள் இக்கருவிக்கு வந்துகொண்டே இருந்தன. கணினித் திரையில் தெளிவாகக் காட்டும் வி.ஜி.ஏ. இணைப்பும் இதற்கு உண்டு.

யானையும் அங்குசமும்

யானையை வாங்கியவன் அங்குசத்திற்குப் பணமில்லை என்றானாம். பழைய கருவி வாங்குவோர் பலரும் இந்நிலைக்கே வந்து சேர்கிறார்கள். கருவியின் விலையை மட்டும் பார்த்து, அதைச் சுற்றியுள்ளவற்றை மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது, மின்சாரம். ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட்; நம்முடையது 230 முதல் 240 வோல்ட். ஜப்பானியச் சேட்டர்னின் மின்வழங்கி கருவிக்குள்ளேயே இருக்கிறது. அதை நம் சுவரில் நேரே செருகினால், ஈராண்டுச் சேமிப்பு ஒரு நொடியில் புகையாகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி கட்டாயம் வேண்டும். வெளியே தனி மின்வழங்கி கொண்ட கருவியாயின், அதற்கு ஏற்ற உள்ளூர் மின்வழங்கியைப் பயன்படுத்தலாம். ஆனால், மின்னழுத்தம், மின்னோட்டம், நேர்முனை எதிர்முனை ஆகிய மூன்றும் கருவி கேட்பதற்குப் பொருந்த வேண்டும்.

இரண்டாவது, ஒளிபரப்பு முறை. ஜப்பானியக் கருவிகள் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். நம் நாட்டின் பழைய 'பால்' முறையோ 50 முறை. அம்முறைக்கென விற்கப்பட்ட மெகா டிரைவில் பல விளையாட்டுகள் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும், இசையும் இழுவையாகும். நாம் இளமையில் ஆடியது மெதுவான வடிவமாக இருந்திருக்கக்கூடும். எனவே, வாங்குவதாயின் 60 முறை புதுப்பிக்கும் ஜப்பானியக் கருவியையே வாங்குதல் நன்று.

மூன்றாவது, திரை. நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி, கருவி அனுப்பியதை அக்கணமே வரையும். தட்டைத் திரைகளுள் பல, பழைய சைகையைச் சீர்ப்படுத்திக் காட்டுவதற்குள் சில படங்கள் கடந்துவிடும். கதை ஆட்டங்களில் இது தெரியாது. தோட்டாக்களின் இடையே மயிரிழையில் நுழைய வேண்டிய ஆட்டத்தில், நீங்கள் விலகிய பின்னும் விண்கலம் வெடிக்கும்! குற்றம் கையில் இல்லை, திரையில் இருக்கிறது. படக்குழாய்த் தொலைக்காட்சி கிடைத்தால் போற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூடியை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அது கிடைக்காதவர்கள் ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் போன்ற மாற்றிகளைப் பயன்படுத்தலாம். அச்செலவையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

நான்காவது, முதுமை. குறுவட்டுக் கருவிகளில் ஒளிக்கதிர் வில்லை தேயும். சுழலும் உறுப்புகள் தளரும். அக்காலத்து மின்தேக்கிகள் கசிந்து சுற்றுப்பலகையை அரிக்கும். பி.சி. எஞ்சினும் குறுவட்டு இயக்கியும் ஒன்றாக அமைந்த 'டூயோ' வகைக் கருவிகள் இதற்குப் பேர்போனவை. சேட்டர்னின் நினைவகமோ சிறு மின்கலத்தை நம்பி இருக்கிறது. அது தீர்ந்தால் சேமித்த மதிப்பெண்களும் போகும்.

என் தேர்வு

இவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்து நான் பரிந்துரைத்தது பி.சி. எஞ்சினை. அதிலும், 1989ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 'கோர்கிராஃபிக்ஸ்' என்னும் வகையை. முதலில் வந்த வெள்ளைக் கருவி அலைவாங்கி வழியாக மட்டுமே படம் தரும். ஜப்பானிய அலைவரிசையை நம் தொலைக்காட்சியில் பிடிப்பது வீண் தொல்லை. கோர்கிராஃபிக்ஸ் சாதாரணக் காணொளி இணைப்பைத் தருகிறது.

ஏன் இக்கருவி? காரணங்கள் மூன்று.

ஒன்று, அட்டையில் வரும் விளையாட்டுகளுக்குச் சுழலும் உறுப்பு எதுவும் தேவையில்லை. தேய்வதற்கு வில்லையும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளை வாங்கும்போது இது பெரிய ஆறுதல்.

இரண்டு, இதன் கைப்பிடியிலேயே விரைவுச் சுடலுக்கான சிறு விசை உண்டு. விரல் நோகப் பொத்தானை அடிக்க வேண்டியதில்லை.

மூன்றாவதே முதன்மையானது. ஹட்சன் நிறுவனம் 1985ஆம் ஆண்டு 'ஸ்டார் ஃபோர்ஸ்' விளையாட்டைக் கொண்டு ஜப்பான் முழுவதும் கோடைக்காலப் போட்டிகளை நடத்தியது. நொடிக்குப் பதினாறு முறை பொத்தானை அழுத்துபவர் என்று பெயர் பெற்ற தக்காஹாஷி மெய்ஜின் அப்போட்டிகளின் முகமாக விளங்கினார். அம்மரபில் வந்தது 'சோல்ஜர்' தொடர். ஆகவே, 'சோல்ஜர் பிளேடு' போன்றவற்றில் இரண்டு நிமிட ஆட்டம், ஐந்து நிமிட ஆட்டம் என்று தனிப் பிரிவுகள் உள்ளன. குறித்த நேரத்திற்குள் எவ்வளவு மதிப்பெண் என்பதே போட்டி. நேரம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது.

சுழல்முறை வேலையும் கைக்குழந்தையும் உள்ள ஒருவருக்கு எது வேண்டும்? ஒரே மூச்சில் நெடுநேரம் அமர்ந்து பயில வேண்டிய மாபெரும் படைப்பா? குழந்தை விழிப்பதற்குள் முடியும் ஐந்து நிமிட ஆட்டமா? 'ரேடியன்ட் சில்வர்கன்' ஒரு பெரும்படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அதன் பழைய குறுவட்டைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி விலையை ஏற்றிவிட்டார்கள். அவ்விளையாட்டே 2011இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கும் 2022இல் நிண்டெண்டோ சுவிட்ச் கருவிக்கும் மறுவெளியீடு கண்டது. குறைந்த விலையில் ஆட வழியிருக்க, உறைக்காகவும் வட்டுக்காகவும் ஈராண்டு உழைப்பைக் கொட்டுவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதற்கு ஒப்பாகும். கீறல் விழுமோ என்று அஞ்சி ஆடாமலே பூட்டி வைக்கும் வட்டு, விளையாட்டு ஆகுமா?

"அப்படியானால் பழைய கருவியே எதற்கு?"

இக்கேள்வியை அவரும் கேட்டார். நியாயமான கேள்வி. போன்மிகள் இருக்கின்றன, பழைய சுற்றுகளை அப்படியே ஒத்து இயங்கும் மிஸ்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன, பழைய அட்டைகளைச் செருகி இக்காலத் திரையில் ஆட 2023இல் 'அனலாக் டூயோ'வும் வந்தது. அவற்றில் ஆடுவது ஒருபடி தாழ்ந்தது என்று கூறுவோரின் பக்கம் நான் நிற்கவில்லை. திரையும் கைப்பிடியும் நன்றாக அமைந்தால், பெரும்பாலோர்க்கு வேறுபாடே தெரியாது.

இருப்பினும், பழைய கருவிக்கு ஒரு சிறப்பு உண்டு என்பது என் கருத்து. ஆயிரம் விளையாட்டுகள் வரிசையாக நிற்கும் பட்டியலின் முன் அமர்ந்தால், பத்து நிமிடத்திற்கு ஒன்றாகத் தாவிக்கொண்டே இருப்போம். ஒரே அட்டை செருகிய கருவியின் முன் அமர்ந்தால், அந்த ஒன்றைப் பயில்வோம். சுடும் விளையாட்டு பயிற்சியால் மட்டுமே இனிப்பது. எந்த இடத்தில் எந்தப் பகைவன் வருவான், எப்போது விலக வேண்டும் என்று கையும் கண்ணும் மனனம் செய்த பிறகே அதன் அழகு புலப்படும். வாய்பாடு போலத்தான். புரட்டிப் பார்த்தவனுக்கு அது எண்களின் குவியல். மனத்தில் ஏற்றியவனுக்கு அது ஆயுதம்.

நிறைவாக ஒன்று. வாங்குமுன், விரும்பும் விளையாட்டை மறுவெளியீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். மாதம் முடிந்தும் கை அதையே நாடினால் வாங்குங்கள். நாடாவிட்டால், பணம் மிச்சம்.

அம்மாணவர் சேட்டர்ன் எண்ணத்தை ஒத்திவைத்தார், முற்றாகக் கைவிடவில்லை. கோர்கிராஃபிக்ஸ் ஒன்றும் 'சூப்பர் ஸ்டார் சோல்ஜர்' அட்டையும் வாங்கினார். சேமிப்பில் மிஞ்சியதைக் குழந்தையின் பெயரில் போட்டதாகச் சொன்னார். கடந்த வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். ஒரு சிறு குறிப்பேட்டின் படம். நாள் வாரியாக மதிப்பெண்கள், நாளுக்கு ஒன்றாக ஐந்து நிமிட ஆட்டத்தின் கணக்கு. சில நாள் ஏற்றம், சில நாள் இறக்கம். இரண்டு நாள்களுக்கு நேராக மட்டும் "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று எழுதியிருந்தார்.

ஆடுவதற்காக வாங்கிய கருவி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்