சும்மா இருங்கள் என்னும் தண்டனை

"எங்கள் அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, சுவாமி! ராணி போல வைத்திருக்கிறோம்." முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் இல்லங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பெருமிதச் சொல் இது. ராணியோ தொலைக்காட்சியின் முன் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, யார் பேசினாலும் ஒரே புன்னகை பூக்கிறார். இதை அன்பென்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

கடலோரப் பங்கொன்றில் நாம் அறிந்த மூதாட்டி 40 ஆண்டுகள் கூடை சுமந்து மீன் விற்றவர். எழுதப் படிக்க அறியார். ஆயினும் எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்பது அவர் விரல் நுனியில். 70 வயதில் பிள்ளைகள் கூடையை வாங்கி வைத்தனர், நியாயந்தான். பின்பு சுருக்குப்பையையும் வாங்கினர். அடுப்பங்கரையும் அடைபட்டது. இரண்டே ஆண்டுகளில், இன்று என்ன கிழமை என்று ஓயாது கேட்கத் தொடங்கினார். "வயதானால் அப்படித்தான்" என்றார் மகன்.

அப்படித்தானா? பெயர்கள் நினைவுக்கு வரத் தாமதிப்பது முதுமையின் இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவது இயல்பன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்கின்றனர் என்பது 2023-இல் வெளியான மதிப்பீடு. இந்நோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலக்கூடும் என்று 2024-இல் லான்செட் மருத்துவக் குழு அறிவித்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, மது ஆகியவை நாம் அறிந்தவையே. நடைப்பயிற்சியின்மையும் தனிமையும் அதே பட்டியலில் உள்ளன. காது மந்தமும் உண்டு! அப்பாவின் கண்ணாடிக்குத் தயங்காத பிள்ளைகள், காதுக்கருவி என்றதும் "இந்த வயதில் எதற்கு?" என்கிறார்கள். கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கியவரின் மூளைக்கு வேலை குறைகிறது.

அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய ஆய்வொன்றில், நோட்ரு டாம் பள்ளிச் சகோதரிகள் 678 பேர் பங்கேற்று, இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்கு அளிக்க இசைந்தனர். அல்சைமர் நோயின் தடயங்கள் மூளையில் மலிந்திருந்தும் இறுதிவரை தெளிவாக வாழ்ந்த சகோதரியரும் அவர்களிடையே இருந்தனர். அவ்வாய்வு இளமைக் கல்வியையே பெரிதும் சுட்டியது என்பது உண்மை. அதற்காக, முதுமையில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைகழுவிவிட முடியுமா?

"விழுந்துவிட்டால்? எரிவாயு அடுப்பை அணைக்க மறந்துவிட்டால்?" அச்சம் பொய்யன்று. குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். இரவில் விளக்கு எரியட்டும். அடுப்பருகே ஒருவர் துணை நில்லுங்கள். கீரை ஆயவும் காய் நறுக்கவும் பால் கணக்கு வைக்கவும் அடுப்பு தேவையில்லையே! மருத்துவரைக் கேளாமல் ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரை வாங்கித் தருவோரையும் சொல்லாமல் விட இயலாது. அதுவே மறதியைக் கூட்டலாம். வைட்டமின் பி12 குறைவும் மனச்சோர்வுங்கூட மறதியாகத் தோற்றம் காட்டும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு.

எல்லாம் செய்தும் நோய் வரும் வீடுகள் உள்ளன. அவர்களை நாம் குறை கூறவில்லை. பார்க்கப்போனால், பங்கு விழாக்களில் முதியோரை முன்வரிசையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்திவிட்டு ஒரு பொறுப்பும் கொடாமல் அனுப்பும் நாமும் அந்த மகனுக்கு உறவுதான்.

நம் வற்புறுத்தலால் மூதாட்டியை மருத்துவரிடம் கூட்டிச் சென்றார்கள். இரண்டு காதும் மந்தம். இப்போது கருவி அணிந்திருக்கிறார், சுருக்குப்பையும் திரும்பியிருக்கிறது. கிழமை இன்னும் தடுமாறுகிறது. ஆனால் வாசலில் மீன்காரர் வந்தால், செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசுவது அவரேதான்.