உள்ளே கிதார், வெளியே பறை!

பினாங்குத் துறைமுகத்தில் 1786-ஆம் ஆண்டு முதற்கொண்டு வந்திறங்காத சரக்கு யாது? துணி இறங்கிற்று; அபினி இறங்கிற்று; பல மதங்களின் வேத புஸ்தகங்களும் இறங்கின. கூலிகளாக நம் முன்னோர் இறங்கினர். அவர்களோடு அவர்களுடைய சாதியும் கப்பற்கூலி கொடாமலே வந்திறங்கிற்று. அச்சாதியின் வேரையே அறுக்க வேண்டுமென்ற சொல்லும், 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. இராமசாமி அவர்களுடன், இதே துறைமுகத்தில்தான் கரையேறிற்று. ஆகவே, கடல் கடந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளவும் மாட்டோம், கொள்ளவும் மாட்டோம். வந்த பொருளைச் சீர்தூக்கிப் பார்ப்பதே அறிவுடையார் செயல்.

இங்கு நாம் சீர்தூக்க எடுத்துக்கொண்டது ஓர் இசைத்தொகுதி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், லிபர்ட்டி சர்வகலாசாலையில், 1987-இல் தோன்றிய 'டிசி டாக்' என்னும் கிறிஸ்தவப் பாட்டுக் குழுவைப் பற்றி நம் இளைஞர் பலர் கேள்விப்பட்டிருப்பர். டோபி மெக்கீஹன், கெவின் மாக்ஸ் என்ற இருவர் வெள்ளையர். மைக்கேல் டெய்ட் என்பவர் கறுப்பர். 1989-இல் வெளிவந்த அவர்களது முதற்றொகுதி தாளத்துக்கிசையப் பேசும் 'ராப்' வகையைச் சேர்ந்தது. 1995-இல் வெளியான 'ஜீசஸ் ஃப்ரீக்' என்பதில் மின்சாரக் கிதார் முழங்கும் 'ராக்' மேலோங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் தம் சிறந்த பாடல்களைத் திரட்டி 'இன்டர்மிஷன்', அதாவது 'இடைவேளை', என்ற பெயரில் வெளியிட்டனர். குழுவின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துக்களும் ஆதியில் வாஷிங்டன் நகரைக் குறித்தவை. பின்னர் 'கண்ணியமான கிறிஸ்தவப் பேச்சு' என்று அவற்றுக்குப் பொருள் விரித்தனர். இந்தக் 'கண்ணியம்' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நம் வழக்கு முழுவதும் அச்சொல்லின் மீதே.

ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்த் திருச்சபையின் வாலிபர் கூட்டத்துக்கு நாம் ஒருமுறை போயிருந்தோம். அத்தொகுதியின் பாடல்கள் சிலவற்றை நம் பிள்ளைகள் கிதாரோடும் மேனாட்டு முரசுகளோடும் பாடினர். நன்றாகவே பாடினர். பெரியவர்கள் புன்னகையுடன் கேட்டிருந்தனர். அடுத்து, தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பத்துப் பையன் ஒருவன் பையிலிருந்து ஒரு தப்பை எடுத்தான். சபை மூப்பர் ஒருவர் எழுந்து, "தம்பி, அது சாவு மேளமல்லவா? ஆலயத்தின் கண்ணியத்துக்கு ஒவ்வாது, உள்ளே வை" என்றார். "சரிங்க ஐயா" என்று அவன் மறுவார்த்தையின்றி உள்ளே வைத்துவிட்டான். அவன் முகத்தை நாம் மறக்கவில்லை. கூட்டம் ஜெபத்துடன் இனிதே முடிவுற்றது.

நாம் எந்த மதத்துக்கும் வக்காலத்து வாங்கி வந்தவர்கள் அல்லோம். ஆயினும் அந்தப் பையன் நம்மவன். அவனிடம் 'கண்ணியமில்லை' என்று சொல்லப்பட்டது தோலைப் பற்றியா, தோற்கருவியைப் பற்றியா, அதைத் தலைமுறை தலைமுறையாக அடித்து வந்த கையைப் பற்றியா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

முதலில், உள்ளே அனுமதி பெற்ற கிதாரின் குலங்கோத்திரத்தை விசாரிப்போம். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த கறுப்பர் 1739-இல் தென் கரோலினாவில் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே, அடிமைகள் முரசு வைத்திருத்தலாகாதென்று அந்நாட்டார் சட்டமியற்றினர். பறிபோன முரசுக்கு ஈடாக அம்மக்கள் கைத்தட்டிலும் கால்மிதியிலும் தாளத்தைக் காத்தனர். அவர்களது எளிய ஆலயங்களில் வளர்ந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பு மாது மின்சாரக் கிதாரை ஏந்திக் கடவுட்பாட்டுப் பாடினார்; அவ்வம்மையாரையே ராக் இசையின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று உலகம் போற்றுகிறது. ராப் என்பதோ, 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் நடத்திய விருந்துகளில் வேர்கொண்ட கலை. ஆக, இவ்விரண்டும் ஒடுக்கப்பட்டோரின் குடிசையிற் பிறந்தவை. நம் மூப்பர் மனமுவந்து கேட்ட ஒலி, ஒரு காலத்தில் சட்டம் போட்டு அடக்கப்பட்டவர்களின் ஒலியே!

அவ்வொலியும் எளிதில் ஆலயம் புகவில்லை. ஜிம்மி ஸ்வாகர்ட் என்னும் பிரபல அமெரிக்கப் பிரசங்கி, கிறிஸ்தவ ராக் இசையை ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்று தூஷித்து 1987-இல் ஒரு நூலே வெளியிட்டார். டிசி டாக் குழு பிறந்ததும் அதே ஆண்டில்தான். பதின்மூன்று ஆண்டுக்குள் அக்குழுவின் சிறந்த பாடல்கள் திரட்டாகி விலைபோயின. எனவே 'கண்ணியம்' என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று. மனிதர் கொடுப்பது, மனிதர் மறுப்பது. அமெரிக்க முத்திரையோடு வந்தால் கொடுக்கிறோம். நம் சேரியிலிருந்து வந்தால் மறுக்கிறோம். இதற்கு அடிமைப்புத்தி என்பதன்றி வேறு பெயருண்டா?

நிற்க. பறை சாவுக்கு அடிப்பது என்று ஆட்சேபிக்கிறார்கள். சிலுவை எதற்குப் பயன்பட்டது? ரோமர்கள் அடிமைகளையும் கலகக்காரரையும் அறைந்து கொன்ற மரம் அது. கொலைக்கருவியைக் கோபுரத்தின் உச்சியில் நாட்டி வணங்குவோர், சாவு வீட்டில் அழுவோருக்குத் துணையாய் ஒலித்த ஒரு தோற்கருவியைக் கண்டு கூசுவது எந்த நியாயம்? ஆலயங்களின் பெருமையான ஆர்கன் வாத்தியத்தின் பூர்வோத்தரத்தையும் பார்க்கட்டும். மல்லர்கள் ஒருவரையொருவர் வெட்டி மாளும் அரங்கத்தில் ஆர்கன் வாசிக்கப்படுவதை, லிபியா நாட்டில் கண்டெடுத்த ரோமர் காலத்துச் சித்திரக்கல் தளம் ஒன்று இன்றும் காட்டுகிறது. கொலைக்களத்து வாத்தியம் சுத்தமாகிவிட்டது. பறை மட்டும் சுத்தமாகாதாம்! குறை வாத்தியத்தில் இல்லை. அதை அடிப்பவனைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

இக்கண்நோய் நேற்று வந்ததன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் தந்தை போன்றவர். அவர் பாடல்கள் இன்றும் தமிழர் கூடும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. 1820-களில் புதிதாய் வந்த பாதிரிமார் சிலர், அவருடைய தமிழ்ப் பாட்டுக்களை ஆலயத்திற் பாடலாகாதென்று தடுத்தனர். அது கொடுமையே. ஆனால் அப்பாதிரிமார் ஆலயத்தில் சாதி வேற்றுமை கூடாதென்றும் சொன்னார்கள். சாஸ்திரியாரோ இதனையும் கொடுமைகளில் ஒன்றாகச் சேர்த்து, சாதியாசாரத்தைக் காத்து 1829-இல் வாதாடி எழுதினார்! தம் பாட்டுக்கு உள்ளே இடம் வேண்டினார். தம்மிலும் தாழ்ந்தோரெனக் கருதியவர்களுக்குத் தம் பக்கத்தில் இடம் வேண்டாமென்றார். 1853-இல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்கப் பாதிரியார் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டார். கருநாடக இராகத்துக்குக் கதவு திறந்தது. பறைக்குத் திறக்கவில்லை. திரட்டு என்பது எப்போதும் இப்படித்தான். அதில் இருப்பதைப் பாடுவோர், விடுபட்டது எதுவென்று கேட்பதில்லை.

சாஸ்திரியாரின் புலமையை நாம் குறைத்துப் பேசவில்லை. புலமையிருந்தும் இக்கண் திறக்கவில்லையே என்றுதான் வருந்துகிறோம்.

டிசி டாக்கிடம் நம்மவர் கற்க வேண்டிய பாடமும் இங்கேதான் உளது. அவர்கள் தோன்றிய லிபர்ட்டி சர்வகலாசாலையை நிறுவிய ஜெர்ரி ஃபால்வெல் என்பார், 1958-இல் வெள்ளையரும் கறுப்பரும் கலத்தலாகாதென்று பிரசங்கித்தவர். பின்னாளில் அக்கொள்கையைக் கைவிட்டவர். அப்பிரசங்கத்துக்கு முப்பது ஆண்டு கழியுமுன், அவர் நிறுவிய சாலையிலேயே ஒரு கறுப்பரும் இரு வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று பாடினர். தோல் நிறத்தால் மனிதரைப் பிரிப்பதைக் கண்டித்து ஒரு பாடலையும் 1995-ஆம் ஆண்டுத் தொகுதியில் வைத்தனர். இதனால் அமெரிக்காவின் நிறவெறி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. மூவர் ஒரு மேடையில் நின்றனர், அவ்வளவே. ஆனால் நம் இளைஞர்கள் அவர்களுடைய மெட்டை எடுத்துக்கொண்டார்கள். தலைமுடியையும் சட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். மேடையில் யாரோடு யார் நின்றார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ள மறந்தார்கள்.

நம் தாயகத்து நிலைமை என்ன? 2008 மார்ச்சு மாதம், விழுப்புரம் மாவட்டமாயிருந்த பகுதியிலுள்ள எறையூரில், சமமரியாதை கிட்டாத தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டதையொட்டிக் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒரே வேதம், ஒரே அப்பம். ஆனால் வழி வேறு, வரிசை வேறு! இத்தகைய சமூகத்தில் 'எந்த வாத்தியம் கண்ணியமானது' என்ற கேள்வி வெறும் இசைக்கேள்வியாக இருக்க முடியுமா?

வழிகாட்டியில்லையென்று யாரும் சொல்ல வேண்டாம். மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), நாட்டுப்புற மெட்டையும் கிராமத்துப் பேச்சையும் ஆராதனைக்குள் கொணர்ந்தார். ஒரே உலையில் பொங்கி அனைவரும் கூடியுண்பதைச் சமத்துவ வழிபாட்டின் அடையாளமாக்கினார். அப்பாவு அவர்களின் பெயரைக் கேட்டால் நம் வாலிபர் எத்தனை பேர் தலையசைப்பர்? டோபி மெக்கீஹனின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர்? இவ்விரண்டுக்கும் உள்ள தூரமே நம் நோயின் அளவு.

இதைப் படிக்கும் இந்துத் தோழர்கள் நகைக்க வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி தூக்கிச் செல்வோருக்கு முன்னால் உறுமி அடித்துக் கை வீங்கும் இளைஞர்களை, மறுநாள் 'ரவுடிகள்' என்று ஏசுவோர் யார்? நாதசுரத்துக்கு உள்மண்டபம், உறுமிக்குத் தெருப்புழுதி என்று வகுத்தோர் யார்? சிலுவையானாலும் வேலானாலும் வாசற்படி ஒன்றாகவே இருக்கிறது.

தொல்காப்பியர் ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்தார். பறையில்லாத நிலம் தமிழனுக்கு இல்லை என்பதே அதன் கருத்து. அன்றியும், 'பறைதல்' என்றால் தமிழில் 'பேசுதல்'. 'டாக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள் அதுவே. கண்ணியமான பேச்சை ஏழு கடல் தாண்டித் தேடிப் போனவர்கள், தங்கள் வாசலில் நின்று பறைந்துகொண்டிருந்த ஒன்றைக் கேளாமற் போனது பரிதாபமன்றோ!

நாம் கேட்பது பெரிதன்று. கிதாரை வெளியேற்றச் சொல்லவில்லை. அதுவும் ஒடுக்கப்பட்டோர் தந்த கொடையே. அது இருக்கும் மேடையில், அதே விளக்கின் கீழ், அதே நாளில் தப்பும் உறுமியும் ஒலிக்கட்டும். பாட்டுப்புத்தகத்தின் அடுத்த பதிப்பில், தோட்டத்துப் பாட்டிமார் பாடிய மெட்டுக்களுக்கும் பக்கம் ஒதுக்கட்டும். அந்தப் பையனை, ஏளனத்துக்காகவோ வேடிக்கைக்காகவோ அன்றி, வாத்தியக்காரனாக அழைத்து, "வாப்பா, வாசி" என்று சொல்லட்டும். அந்த மூப்பரே சொல்லட்டும்; சொன்னால் அவரை நாமே முதலில் பாராட்டி எழுதுவோம்.

அமெரிக்கக் குழு தன் திரட்டுக்கு 'இடைவேளை' என்று பெயரிட்டது. பறைக்கு நம் ஆலயங்களும் கோயில்களும் விட்டிருக்கும் இடைவேளை நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. போதும், மணி அடியுங்கள்.