ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு யார் சான்று தருவது?



சாலை விபத்துச் செய்திகள் எல்லாம் ‘ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்’ என்று முடிந்துவிடுகின்றன. அந்த ஓட்டுநருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்பவர் இல்லை. 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர்.

என் மகளை எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் சேர்த்தேன். ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிய எழுத்தில் பலகை. கற்றுக்கொடுக்க வந்த தம்பிக்கு மிஞ்சிப்போனால் இருபது வயது இருக்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆம் விதி என்ன கேட்கிறது? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்து ஆண்டு ஓட்டிய அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ். கார் லைசென்ஸ் கிடைப்பதே பதினெட்டில் என்னும்போது, இருபது வயதில் ஐந்து ஆண்டு அனுபவம் எங்கிருந்து வரும்? உரிமையாளரிடமே கேட்டேன். “லைசென்ஸ் ஸ்கூல் பேர்ல இருக்கு சார், அதெல்லாம் பக்கா” என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அந்த உரிமம் நிறுவனத்துக்கு உரியது. விண்ணப்பிப்பவரோ அவரிடம் வேலை பார்க்கும் பயிற்றுநர் ஒருவரோ இந்தத் தகுதிகளைப் பெற்றிருந்தால் போதும் என்கிற மாதிரிதான் விதி எழுதப்பட்டிருக்கிறது. ஒருவருடைய சான்றிதழ்கள் கோப்பில் இருக்கும். காரில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று தனித் தேர்வும் கிடையாது, அட்டையும் கிடையாது.

சரி, தகுதி எல்லாம் உள்ளவரே வந்தாலும் அவருக்குக் கற்பிக்கத் தெரியுமா? கியர்பாக்ஸைப் பிரித்துக் காட்டத் தெரிந்தவருக்கு, பயந்து நடுங்கும் ஒருவரைப் பஸ் நிலையச் சந்திப்பில் நிதானமாக வழிநடத்தத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. என் மகளுக்கு நடந்தது இதுதான்: இரட்டைக் கட்டுப்பாட்டில் கிளட்சும் பிரேக்கும் அந்தத் தம்பியின் காலில், ஸ்டியரிங்கில் அவருடைய வலது கை, இடது கையில் செல்போன். கார் அழகாகத்தான் போனது. ஓட்டியது யார் என்பதுதான் கேள்வி. 31-ஆம் விதிப்படி 21 நாளுக்குக் குறையாமல், குறைந்தது 10 மணி நேரமாவது கற்பவர் தாமே ஓட்டியிருக்க வேண்டும். ஒரே காரில் மூன்று பேரை ஏற்றி ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் மட்டும் முழு நேரத்தையும் எழுதிவிடுகிறார்கள். எட்டு போடத் தெரிந்ததும் டெஸ்ட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பிரிட்டனில் காசு வாங்கிக்கொண்டு கார் ஓட்டக் கற்றுத்தரும் முழுத் தகுதி பெற வேண்டுமென்றால் மூன்று கட்டத் தேர்வில் தேற வேண்டும். அதில் மூன்றாவது, கற்பிக்கும் திறனுக்கான தேர்வு. தேறிய பிறகும் நான்கு ஆண்டுக்குள் ஒருமுறையாவது அதிகாரி ஒருவர் காரின் பின்சீட்டில் அமர்ந்து பாடத்தைக் கவனிப்பார். இங்கே 2021-ல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்குப் புது விதிகள் வந்தன. 29 மணி நேரப் பாடம், பயிற்சிக்கான இடம், சிமுலேட்டர் எல்லாம் உண்டு. அங்கே முடித்தவர்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலக டெஸ்ட்டே வேண்டாம். நல்ல மையங்கள் வரட்டும். ஆனால் தெருமுனை ஸ்கூலை நம்பியிருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன மாறியது?

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. தினக்கூலிக்கு வருகிற பிள்ளை. அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் தனித் தேர்வு வைத்து, புகைப்படத்துடன் அட்டை தர வேண்டும். அதற்கு மத்திய அரசு விதியைத் திருத்தியாக வேண்டும். ஆனால் பயிற்றுநர்களின் பெயர், முகவரியை ஸ்கூல் அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது இப்போதே உள்ள விதி. நான் போன ஸ்கூலில் அப்படி எதுவும் மாட்டியிருக்கவில்லை. போக்குவரத்துத் துறை ஆய்வாளர்கள் ஒருநாள் காலை ஆறு மணிக்கு எல் போர்டு கார்களை நிறுத்தி, உள்ளே இருப்பவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்